மூணு மெயிலும் ஒரு பிள்ளையார் சுழியும்

ஏனுங்க தம்பி, கோவிச்சுக்காதீங்க. இப்ப ஒரு மெயில் அனுப்புனீங்கல்ல, கிணத்துக்கடவுக்கு முன்னாடி, கட்டை விரல்ல தட்டித் தட்டி? அது போய்ச் சேந்துச்சான்னு போன் பண்ணிக் கேட்டீங்களா? கேக்கலை. நானும் பாத்துக்கிட்டேதான் வர்றேன். அனுப்புனீங்க, போனைப் பாக்கெட்ல போட்டீங்க, பஸ் ஜன்னல்ல தலையைச் சாச்சுட்டீங்க.

உங்களை மட்டும் சொல்லலைங்க. இன்னைக்கு எல்லாப் பயலும் அப்படித்தான். நான் அப்படியில்லை. ஒரு மெயில் அனுப்புனா ஒடனே போனைப் போட்டு, "மெயில் அனுப்பியிருக்கேனுங்க, தெறந்து பாத்துட்டுச் சொல்லுங்க"ன்னு கேப்பேன். அவங்க தெறந்து பாத்து "வந்துருச்சுங்க"ன்னு சொல்ற வரைக்கும் லைன்லயே நிப்பேன். முப்பத்தி ரெண்டு வருஷ சர்வீஸுங்க. சென்னியப்பன் அனுப்புன லெட்டரு வந்து சேரலைன்னு ஒருத்தன் சொன்னதில்லை.

பீளமேட்டுல ஒரு பம்புசெட்டுக் கம்பெனி. பேரு வேண்டாமுங்க, உங்க தோட்டத்துலயே எங்க மோட்டாருதான் ஓடிக்கிட்டிருக்கும். அதுல நான் ஆபீஸ் மேனேஜரு. மேனேஜரா இருந்தேன். போன மாசம் முப்பத்தொண்ணாம் தேதியோட ரிட்டயர் பண்ணித் தாட்டிவிட்டாங்க. ரெண்டு வருஷம் எக்ஸ்டென்ஷன் கேட்டு முறையா லெட்டர் குடுத்திருந்தேன். மெயில்லதான் குடுத்தேன். குடுக்கறதும் குடுக்காததும் மொதலாளி இஷ்டம், அதை நான் கேக்கலை. பதில்னு ஒண்ணு போடணுமா வேண்டாமுங்களா? "முடியாது"ன்னு ஒரு வார்த்தை போதுமே. அதுகூட இல்லைங்க. ஒரு வரி பதில் போடலைங்க அவிங்க. முப்பத்தி ரெண்டு வருஷம்.

எதுனாலன்னு கேக்கறீங்களா? மெயில்னாலதான். சிரிக்காதீங்க. சொல்றேன், பழனி வரைக்கும் போறீங்கல்ல? நேரம் இருக்குது.

பெரிய மொதலாளி இருந்த வரைக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அவரு போனப்பறம் மகன் வந்தான். வெளிநாட்டுல படிச்சவன், அரை டவுசரோட ஆபீஸுக்கு வர்றவன். சின்னதுல என்ற டேபிளுக்குக் கீழதான் வெளையாடுவான். ஸ்டாம்பு பேடை எடுத்து மூஞ்சியெல்லாம் மை பூசிக்குவான், நான்தான் குழாயடிக்குக் கூட்டிட்டுப் போய்க் கழுவி விடுவேன். அப்ப "சென்னி மாமா, சென்னி மாமா"ன்னு காலைச் சுத்துவான். மொதலாளி சீட்ல உக்காந்ததும் "மிஸ்டர் சென்னியப்பன்". மிஸ்டராம். அவன் வந்த ஆறாம் மாசம் சொல்றான், பழைய மெயில் புரோகிராமைத் தூக்கப் போறோம், புதுசு ரெண்டு வந்திருக்குது, பழசையும் சேத்து மூணையும் வாரத்துக்கு ஒண்ணா எல்லாரும் ஓட்டிப் பாருங்க, எது சுளுவா இருக்குதுன்னு மார்க்குப் போடுங்கன்னு. ஒம்பது பேருக்கு ஆளுக்கு ஒரு பாரம் குடுத்தாங்க. அதுல என்ன இருந்துச்சு தெரியுமுங்களா? மூஞ்சி! அஞ்சு மூஞ்சி. அழுகற மூஞ்சில ஆரம்பிச்சு சிரிக்கற மூஞ்சி வரைக்கும். "இந்தப் பட்டனைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்ததா?"ன்னு கேட்டு, ஒரு மூஞ்சியைச் சுத்தி வட்டம் சுழிக்கணுமாம். பால்வாடியாங்க நடத்தறாங்க?

நான் மூஞ்சியெல்லாம் தொடலை. வெள்ளைத்தாளு எடுத்து பதினாலு பக்கம் கைப்பட எழுதிக் குடுத்தேன். மூணையும் ஒப்பிட்டு, பட்டன் பட்டனா.

பழசு இருக்குது பாருங்க, அதுதானுங்க மெயிலு. சாம்பக் கலரு. ஒவ்வொரு பட்டன்லயும் எழுத்து இருக்கும். அனுப்புன்னு எழுதியிருந்தா அனுப்பும், பிரிண்டுன்னு எழுதியிருந்தா பிரிண்டு எடுக்கும். ஒரு லெட்டருக்கு ஒரு வரி, வந்த வரிசைல நிக்கும். படிக்காத லெட்டரு தடிச்ச எழுத்துல இருக்கும், படிச்சா மெலிஞ்சிரும். அதுல நான் ஒரு வழி வெச்சிருந்தேன். ஒரு லெட்டரைப் படிச்சுட்டேன், ஆனா வேலை முடியலைன்னு வெச்சுக்குங்க, ஒரு பட்டனைத் தட்டி மறுபடியும் அதைப் படிக்காததா ஆக்கிருவேன். மறுபடி தடிச்சுக்கும். பாக்கறவங்களுக்கு அது நாம பாக்காத லெட்டரு. "ஏனுங்க பதில் போடலை"ன்னு கேட்டா, "இன்னும் தெறக்கவே இல்லைங்க, இதோ பாருங்க"ன்னு காட்டலாம். ஒரே பட்டனுங்க. அதுக்கே ஒரு பக்கம் எழுதினேன்.

இன்னொண்ணு, பத்திரம். அது என்ற டேபிள் கம்ப்யூட்டர் வழியாத்தான் ஓடும், நான் பாஸ்வேர்டு போட்டுத் தெறந்தாத்தான் மத்தவங்களுக்கும் ஓடும். நான் லீவு போட்டா கம்பெனில ஒரு மெயில் போகாது, ஒரு மெயில் வராது. என்ற பையன் கண்ணாலத்துக்கு நாலு நாளு லீவு போட்டேன். நாலு நாளும் ஆபீஸ் அப்படியே நின்னு போச்சு. பாஸ்வேர்டு கேட்டு மண்டபத்துக்கே ஆளு வந்துட்டான், பந்தில உக்காந்துட்டு சாம்பாரு ஊத்தறப்ப கேக்கறான். சொல்லுவனா? அவ்வளவு பத்திரமுங்க அது. நடுவுல ரெண்டு தடவை கம்ப்யூட்டரு படுத்து எல்லா லெட்டரும் போயிருச்சுதான். அதுக்கென்னங்க, நம்மகிட்டப் பிரிண்டு இருக்குதல்ல.

ரெண்டாவது, நீலம். பேரெல்லாம் எனக்கு வாயில நுழையாது, நீலக் கலர்ல இருக்கும். பட்டன்ல ஒரு எழுத்து கெடையாதுங்க. எல்லாம் பொம்மை. ஒரு அம்பு எடது பக்கம் போகுது, பக்கத்துலயே ரெண்டு அம்பு எடது பக்கம் போகுது, அதுக்குப் பக்கத்துல ஒரு அம்பு வலது பக்கம். ஒண்ணு பதில், ஒண்ணு எல்லாருக்கும் பதில், ஒண்ணு அடுத்தவனுக்குத் தள்ளிவிடறது. எது எதுன்னு வெத்தலைல மை போட்டுத்தான் பாக்கணும். இதைத்தான் எட்டாம் பக்கத்துல எழுதினேன். அப்பறம் அது தானா பிரிச்சு வேற வெக்குதுங்க, "முக்கியம்", "மத்தது"ன்னு. எந்த அறிவாளி செஞ்சானோ. ஒரு சோபாக் கடைக்காரன் ஆடித் தள்ளுபடின்னு அனுப்பறான், அது முக்கியத்துல நிக்குது. சின்ன மொதலாளி அனுப்பற லெட்டரு மத்ததுல கெடக்குது. அதுல மட்டும் சரியாத்தான் பிரிச்சுதுன்னு வெச்சுக்குங்க.

மூணாவதுதான் தம்பி, கொத்து. அதுக்கு நான் வெச்ச பேரு. ஒரே தலைப்புல வர்ற லெட்டரையெல்லாம் ஒண்ணா சேத்துக் கட்டி ஒரே வரியா வெச்சிரும். மல்லிப்பூக் கொத்தாட்டம். தட்டுனா விரியும். எளசுகளுக்கெல்லாம் இது புடிச்சுப் போச்சு. "ஆஹா சார், பேச்சு வார்த்தை முழுசும் ஒரே எடத்துல இருக்குது சார்." என்ன பேச்சு வார்த்தை? கண்ணால சம்பந்தமா பேசறோம்?

எனக்கு மொத நாளே தெரிஞ்சு போச்சு இது வெளங்காதுன்னு. ஏன்னா, நாங்க லெட்டரு எழுதற முறையே வேற. நீங்க தலைப்புல என்ன போடுவீங்க? விஷயத்தைப் போடுவீங்க. நான் போடமாட்டேன். மேல பிள்ளையார் சுழி. "உ". அவ்வளவுதான். பெரிய மொதலாளி காலத்துல தாளுல எழுதறப்பவே உச்சில சுழி போடாம ஒரு எழுத்து எழுத உடமாட்டாரு. மெயிலு வந்தப்ப, உச்சில இருக்கற கட்டம் தலைப்புக் கட்டந்தானே, அதுல போட்டேன். விஷயம்தான் உள்ள "பொருள்"னு வந்துருதே, அதை எதுக்கு ரெண்டு எடத்துல எழுதறது? ஆபீஸ்ல அத்தனை பேரையும் அப்படியே பழக்கி வெச்சேன். பேங்குக்குப் போற லெட்டரும் "உ"தான், பித்தளை வாங்கறதும் "உ"தான், கேண்டீன்ல இட்லி புளிச்சுப் போச்சுங்கற புகாரும் "உ"தான். எல்லாத்துலயும் எனக்கு ஒரு காப்பி போடணும்னு உத்தரவு.

இந்தக் கொத்து என்ன பண்ணிப்போட்டுது? அத்தனையும் ஒரே தலைப்புன்னு எடுத்துக் கட்டிருச்சு. ஒரே வரி. "உ". பக்கத்துல அடைப்புக்குள்ள ஆயிரத்து முன்னூத்திச் சில்லறை. நிமிஷத்துக்கு ஒருக்கா எவனாவது அதுல ஒண்ணைச் சொருகுவான், அது எப்பவும் மேலதான் நிக்கும், எப்பவும் தடிச்சுத்தான் இருக்கும். அதுல எது புதுசு, எது பழசு? ரெண்டு நாளு பாத்தேன். அப்பறம் அந்தக் கொத்தைத் தொடறதையே உட்டுட்டேன். முட்டாத்தனமா கட்டி வெச்சதை நான் எதுக்குப் பிரிக்கணும்? டிங்கு டிங்குன்னு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, அந்தச் சத்தத்தையும் அமுத்தி வெச்சுட்டேன்.

அப்ப வந்தா ஒருத்தி. சத்தியகலான்னு பேரு. கம்ப்யூட்டரெல்லாம் பாத்துக்கறவ. சேந்து நாலு வருஷம் ஆகலை, குனிஞ்ச தலை நிமிராம வந்து நிப்பா, ஆனா சொல்றதைச் சொல்லிட்டுத்தான் போவா. "சார், தலைப்புல சுழியோட விஷயத்தையும் ஒரு வார்த்தை சேத்துப் போட்டுட்டா கொத்து தனித்தனியா பிரிஞ்சிரும் சார்"ங்கறா. அதாவது கோளாறு புரோகிராம்ல இல்லையாம், பிள்ளையார்கிட்ட இருக்குதாம்! நான் உட்டனா? கடவுள் நம்பிக்கையில தலையிடறாங்கன்னு எழுதி ஒரு மெமோ குடுத்தேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிட்டா. ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை. அழுத்தக்காரிங்க.

அவ அழுத்தத்துக்கு இன்னொண்ணு சொல்றேன் கேளுங்க. இந்தக் கொத்துல இன்னொரு கூத்து இருக்குது. வந்த லெட்டருக்கு அதுவே பதில் எழுதிக் குடுக்கும். கீழ மூணு கட்டம் காட்டும், தொட்டாப் போதும், போயிரும். இவ ஒரு நாளு காலைல மெயில் அனுப்பறா, மாமனாரு தவறிட்டாரு, மூணு நாளு லீவு வேணும்னு. அன்னைக்குன்னு பாத்து அதுக்குத் தலைப்பு "லீவு"ன்னு போட்டிருந்தா, அதனால தனியா நின்னுது. கீழ மூணு கட்டம். "அருமை!", "வாழ்த்துகள்!", "நன்றி". நான் தள்ளிப் பாக்கலாம்னு வெரலை வெக்கறேன், "அருமை!" போயிருச்சு. திரும்பக் கூப்புட வழியில்லை. புரோகிராம் பண்ண தப்புக்கு நான் எதுக்குங்க மன்னிப்புக் கேக்கணும்? பதினோராம் பக்கத்துல எழுதினேன் அதை, புரோகிராமோட கொறையா. மூணு நாளு கழிச்சு வந்தா. வணக்கம் சார்னா. ஒரு வார்த்தை கேக்கலையே! மனசுல வெச்சிருக்கான்னுதானே அர்த்தம்?

பொள்ளாச்சிங்க. டீ குடிக்கறீங்களா? அஞ்சு நிமிஷம் நிப்பான். வேண்டாமா. சரி.

இதா? டிபன் பாக்ஸுங்க. தக்காளிச் சோறு, உருளைக்கெழங்கு. நல்லாத்தான் கவனிக்கறீங்க.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, நாளைக்குப் பாக்கவா போறோம். எக்ஸ்டென்ஷன் கெடச்சிருச்சுன்னு ஊட்டுக்காரிகிட்டச் சொல்லிட்டேன். முப்பத்தொண்ணாம் தேதி சாயங்காலம் வாசல்லயே நின்னுக்கிட்டிருந்தா. "என்னங்க ஆச்சு"ன்னா. வாயில வந்துருச்சு, "ரெண்டு வருஷம் குடுத்துட்டாங்க"ன்னு. கேசரி கிண்டினா. மறுநா காலைல எட்டு மணிக்கு டிபனைக் கட்டிக் கையில குடுத்துட்டா. என்ன பண்ணச் சொல்றீங்க? நேத்து ஈரோடு, முந்தாநாள் மேட்டுப்பாளையம். இன்னைக்குப் பழனி. அடிவாரத்துல உக்காந்து சாப்புட்டுட்டு ரெண்டரை மணி பஸ்ஸைப் புடிச்சா ஆறரைக்கு ஊட்ல இருப்பேன், ஆபீஸ் உட்டு வர்ற நேரத்துக்கு. பன்னெண்டு நாளாச்சுங்க. எத்தனை நாளைக்கு முடியும்னு தெரியலை. அவிங்க ஒரு வரி பதில் போட்டிருந்தா, முடியாதுன்னே போட்டிருந்தா, அதையாவது காட்டியிருப்பேன் அவகிட்ட. கையில ஒண்ணுமில்லாம என்னன்னு சொல்றது?

எங்க உட்டேன்? ஆங், மார்க்கு. ஒம்பது பேர்ல எட்டு பேரு கொத்துக்குச் சிரிக்கற மூஞ்சியைச் சுழிச்சிருக்காங்க. என்ற பதினாலு பக்கத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. போன மாசம் ஒண்ணாம் தேதியில இருந்து கொத்துதான்னு உத்தரவு. சரி போகட்டும்னு நாலஞ்சு நாளு கழிச்சு அந்தக் கருமத்துலயே எக்ஸ்டென்ஷன் லெட்டரை அனுப்புனேன். சின்ன மொதலாளி எக்ஸிபிஷன்னு வெளிநாட்டுக்குக் கெளம்பிட்டான், ஒரு மாசத்துக்கு மேல. அங்கிருந்தா பதில் போட முடியாது? அதுக்குத்தானே மெயிலு? நாலு நாளு பாத்தேன். இதுக்குப் போனைப் போட்டுக் கெஞ்சறதுக்கு நானா? எனக்கும் ரோசம் இருக்குதல்லங்க? சேந்து கெடந்த லீவையெல்லாம் ஒட்டுக்காப் போட்டுட்டு ஊட்ல உக்காந்துட்டேன்.

லீவுல இருந்தப்ப இவ போன் பண்றா, சத்தியகலா. ஒரே நாள்ல பதினோரு தடவை. எதுக்கு? என்ற சீட்டு அவளுக்குத்தான்னு ஆபீஸ்ல பேச்சு. அதைச் சொல்லிக் காட்டத்தான். எடுக்கவே இல்லை. நம்பரை பிளாக் பண்ணச் சொல்லிப் பேரன்கிட்டக் குடுத்தேன், பண்ணிட்டான். முப்பத்தொண்ணாம் தேதி மாலை போட்டு போட்டோ எடுப்பாங்கன்னு தெரியும். அதுக்கு நான் நிக்கலை. காலைல ஏழரைக்கே போய் சாவிக் கொத்தை வாட்ச்மேன்கிட்டக் குடுத்தேன். அவன் சொல்றான், "சத்தியகலாம்மா உங்ககிட்ட ஏதோ பேசணுமாம், இருக்கச் சொன்னாங்க"ன்னு. எதா இருந்தாலும் எழுத்துல தரச் சொல்லு, வாய் வார்த்தை செல்லாதுன்னு சொல்லிப்போட்டு வந்துட்டேன். அது நான் போட்ட சட்டம்ங்க, ஆபீஸ்ல. சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்துட்டுத்தான் ஊட்டுக்குப் போனேன்.

அவ லட்சணத்தைக் கேளுங்க. நான் ரிட்டயர் ஆகிப் பன்னெண்டு நாளாச்சு, இன்னும் என்ற மெயிலை மூடத் தெரியலை அவளுக்கு. என்ற போன்ல அப்படியே கெடக்குது, பாருங்க. வெளில போனவனோட மெயிலை அன்னைக்கே மூடணும். இவகிட்டத்தான் கம்பெனிய ஒப்படைக்கறாங்களாம்!

இந்தாங்க, நீங்களே பாருங்க. உங்களுக்கு இதெல்லாம் தெரியுமல்ல. மேல நிக்குது பாருங்க, "உ", அதான். தட்டுங்க. விரியுதா? அதுல போன மாசம் அஞ்சாம் தேதி என்ற லெட்டர் இருக்கும். அதுக்குக் கீழ ஒரு பதில் இருக்குதான்னு பாருங்க. சும்மா என்ற பேச்சை நம்ப வேண்டாம், கண்ணால பாருங்க. பித்தளையா, அதை உடுங்க, கீழ போங்க. இட்லியா, இன்னும் கீழ. கெடச்சுதா? "பொருள்: பணி நீட்டிப்பு கோருதல்." அதேதான். அதுக்குக் கீழ பாருங்க. ஒண்ணும் இருக்காது.

என்னங்க?

இருக்காதுங்க. வேற எவனுதாவது இருக்கும். யாரு பேரு போட்டிருக்குது?

குடுங்க இப்படி. இருங்க, கண்ணாடி.

"அன்புள்ள சென்னி மாமாவுக்கு."

பதினாலாம் தேதிங்களா? போன மாசம் பதினாலு. தமிழ்லயே அடிச்சிருக்கான் பாருங்க, தமிழ்ல அவனுக்குக் கையெழுத்தே வராது.

"அன்புள்ள சென்னி மாமாவுக்கு. உங்கள் பதினாலு பக்கத்தையும் விமானத்தில் மறுபடியும் படித்தேன். பல இடங்களில் சிரித்து விட்டேன், மன்னிக்கவும். ஆனால் எழுத்தில்லாத பட்டன்களைப் பற்றி எட்டாம் பக்கத்தில் நீங்கள் சொன்னது சரி. நீலத்தை வேண்டாம் என்று முடிவு செய்ததற்கு அதுதான் காரணம். இரண்டு வருடம் தாராளமாக இருங்கள். நீங்கள் இல்லாத ஆபீஸ் எனக்கு அப்பா இல்லாத ஆபீஸ் மாதிரி இருக்கும். சரி என்று ஒரு வரி பதில் போட்டால் போதும், ஆர்டர் போடச் சொல்கிறேன்."

ஒரு வரி பதிலுங்களா.

எட்டாம் பக்கம். படிச்சிருக்கான் தம்பி.

இன்னும் இருக்குதா? எங்க? இது யாரு... இவளா. இருபதாம் தேதி. "சார், எம்.டி. சார் உங்க பதிலுக்குக் காத்துட்டிருக்காங்க. போன்ல கிடைக்கல. மெயில் அனுப்பினா போன் பண்ணிக் கேக்கணும்னு நீங்க சொல்லிக் குடுத்ததால தொடர்ந்து கூப்பிட்டேன். தொந்தரவா இருந்தா மன்னிச்சிருங்க." பதினோரு தடவை. ம்.

இன்னொண்ணு. இந்த மாசம் ஆறாம் தேதி. நீங்க படிக்க வேண்டாம், குடுங்க, நானே படிக்கறேன்.

"சார், இன்னைக்கு உங்க வீட்டுக்கு நேர்ல வந்தேன். அம்மா காபி குடுத்தாங்க. சார் ஆபீஸுக்குப் போயிருக்காருன்னு சொன்னாங்க, எக்ஸ்டென்ஷன் கிடைச்சதுக்குக் கேசரி செஞ்சதைச் சொன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லலைங்க சார். 'ஆமாம்மா, சார் பேக்டரிப் பக்கம் இருப்பாரு, நான்தான் கவனிக்காம வந்துட்டேன்'னு சொல்லிட்டு வந்துட்டேன். எம்.டி. சார் பதினாறாம் தேதி திரும்பி வர்றாங்க. அதுவரைக்கும் உங்க சீட்டுல யாரும் உக்கார மாட்டாங்க, உங்க மெயிலையும் நான் மூடலை. எதையும் எழுத்துலதான் தரணும்னு நீங்க சொன்னதா வாட்ச்மேன் சொன்னாரு, அதனால எழுதறேன். வந்துருங்க சார்."

என்ற ஊட்டுக்கு வந்திருக்கா. என்ற ஊட்டுக்காரி கையில காபி வாங்கிக் குடிச்சிருக்கா. சொல்லவே இல்லையே அவ என்கிட்ட, யாரோ ஆபீஸ்ல இருந்து வந்தாங்கன்னு... சொன்னாளோ என்னமோ. நான் எங்க காதுல வாங்கறேன்.

கொஞ்சம் தண்ணி இருக்குதுங்களா?

என்னங்க? ஆமாமா, இன்னைக்குப் பன்னெண்டுதான். பதினாறுக்கு நாலு நாளு இருக்குது. அது எனக்கும் தெரியுது.

கீழ என்னமோ கட்டமா? "சரி." "நன்றி." "வருகிறேன்." தொட்டாப் போதும், போயிரும். அதேதான், அந்தக் கருமந்தான். தொடாதீங்க! கையை எடுங்க தம்பி. சொல்றேனல்ல, கையை எடுங்க.

போயி என்னன்னு நிக்கறது அவ முன்னாடி? கொத்துக்குள்ள கெடந்துச்சு, நான் பாக்கலைன்னா? சுழியோட ஒரு வார்த்தை சேத்துப் போட்டிருந்தா தனியா நின்னிருக்கும்னு அவ நெனைக்க மாட்டாளா? வாயத் தெறந்து சொல்ல மாட்டா, எனக்குத் தெரியும். அழுத்தக்காரி. குனிஞ்ச தலையோட வணக்கம் சார்னு நிப்பா. மாமனாரு செத்தப்ப "அருமை"ன்னு அனுப்புனவனைப் பாத்து அப்படித்தானே நின்னா? டிபன் பாக்ஸைத் தூக்கிக்கிட்டு நான் ஊரு ஊரா சுத்தறது அவளுக்குத் தெரியும். நாளைக்கு அதே டிபன் பாக்ஸை ஆபீஸ்ல அவ முன்னாடி தெறக்கணும். ரெண்டு வருஷம். தெனமும் தெறக்கணும். பதினாலு பக்கம் எழுதினவன் நான். முப்பத்தி ரெண்டு வருஷம் ஒருத்தன் என்னை நிக்க வெச்சு ஒரு கேள்வி கேட்டதில்லை.

இல்லைங்க. உங்களுக்குச் சின்ன வயசு, உங்களுக்குப் புரியாது. நல்லவங்கன்னே இருக்கட்டும். நல்லவங்களாவே இருந்துட்டுப் போகட்டும்.

ஒண்ணு பண்ணுங்க. இந்த மூணு லெட்டரையும் மறுபடி படிக்காததா ஆக்கிருங்க. ஆமா, தடிச்ச எழுத்தா. எங்கயாச்சும் அதுக்குப் பட்டன் இருக்கும். இல்லையா? அந்த மூணு புள்ளியைத் தட்டி, உள்ள போயி, இன்னொரு எடத்துல தட்டி... பாத்தீங்களா தம்பி, பழசுல ஒரே தட்டுங்க இது. ஒரே தட்டு. இதைத்தானே ஒரு பக்கம் எழுதினேன். ஆச்சுங்களா? மூணும் தடிச்சிருச்சா? காட்டுங்க. ஆங். கொத்தை மூடிருங்க. மூடிட்டுக் குடுங்க.

உடுமலை வருது. இங்கதான் கூட்டம் ஏறும். பையை இப்படி மடில வெச்சுக்குங்க.

என்ன அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங். முப்பத்தி ரெண்டு வருஷ சர்வீஸுங்க தம்பி. முறையா லெட்டர் குடுத்தேன். ஒரு வரி பதில் போடலைங்க அவிங்க.